லினக்ஸ் அப்கிரேட் செய்த பிறகு நெட் வேலை செய்யவில்லையா? இந்த ஒழுங்கில் பாருங்கள்

புதுக்குடியிருப்பில் சின்னதாக ஒரு கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். ஒரு போட்டோகொப்பி மெசின், ஒரு பிரின்டர், ஒரு பழைய லப்டொப், அவ்வளவுதான். லப்டொப்பில் இருப்பது விண்டோஸ் அல்ல, லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம். மழை விடாமல் பெய்த ஒரு நாள் கடையில் ஆட்கள் இல்லையென்று 21.3 இலிருந்து 22க்கு அப்கிரேட் செய்தேன். இரண்டரை மணி நேரம் ஓடி, எல்லாம் சரியாக முடிந்தது என்று காட்டியது. திரும்ப எழும்பியபோது கீழ்ப்பட்டையில் வைஃபை அடையாளமே இல்லை.

அன்று இரவு போனில் கிடைத்த கட்டளைகளையெல்லாம் ஒழுங்கில்லாமல் அடித்ததில் நெட் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க் மனேஜர் என்ற பொதியே (லினக்ஸில் மென்பொருளைப் பொதி என்பார்கள்) அகன்றுபோனது. ஒரு பிழை இரண்டாகிவிட்டது. மறுநாள் காலை வள்ளிபுனத்திலிருந்து ஒரு அம்மா மகளையும் கூட்டிக்கொண்டு பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப வந்தார். லப்டொப்பில் நெட் இல்லை என்றதும், "தம்பி, நாளைக்குத்தானே கடைசி நாள், இனிக் கிளிநொச்சிக்குப் போய்த்தான் செய்யோணுமா?" என்று கேட்டார். அந்த முழு விண்ணப்பத்தையும் என் போனின் சின்னத் திரையில் ஒன்றரை மணி நேரம் எடுத்து நிரப்பினோம். மூன்றாம் நாள், அப்கிரேட்டுக்கு முன் டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருள் எடுத்துவைத்திருந்த சிஸ்டம் பிரதியைக் கொண்டு பழைய 21.3க்கே திரும்பினேன். அடுத்த கிழமை மறுபடியும் அப்கிரேட் செய்தபோது அதே பிழைதான் வந்தது, ஆனால் இந்த முறை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடியதால் இருபது நிமிடத்தில் முடிந்தது. மூன்று நாளுக்கும் இருபது நிமிடத்துக்கும் இடையில் இருந்த வித்தியாசம் தேடிய ஒழுங்கு மட்டும்தான். அந்த ஒழுங்கைத்தான் இங்கே எழுதுகிறேன். உபுண்டு, மின்ட், டெபியன் என்ற மூன்று லினக்ஸ் வகைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஒரு சொல் முன்கூட்டியே: கட்டளைகளை இங்கே ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கட்டளை அடிக்கும் சாளரமான டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும், இடைவெளி விட்ட இடத்தில் இடைவெளி விட வேண்டும். எழுத்துக்கூட்டிச் சொன்னவற்றை இடைவெளி இல்லாமல் சேர்த்து அடியுங்கள்.

1. தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

ஒரு கொப்பி, ஒரு பேனை. என்ன அடித்தீர்கள், என்ன பதில் வந்தது என்பதை எழுதிக்கொண்டே போங்கள். எனக்கு முதல் இரவு நடந்த கேட்டுக்கு இது இல்லாததுதான் காரணம். எதை மாற்றினேன் என்று மறுநாள் எனக்கே தெரியவில்லை.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அதில் இருக்கும், பல வீடுகளில் புழுதியும் கறையும் பிடித்துப் பாதி அழிந்திருக்கும், அப்படியானால் ஏற்கெனவே இணைந்திருக்கும் வேறு ஒரு போனில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். லப்டொப் வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை என்றால் பில்லையும் வாரண்டி அட்டையையும் தேடி எடுங்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும் வைஃபை கார்டே பழுதாகியிருந்தால் மூடியைக் கழற்றும் முன் அது தேவை. புது சிம் எடுக்கும் எண்ணம் இருந்தால் தேசிய அடையாள அட்டை இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள், பஸ் காசு வீண்.

கடைசியாக, டேட்டா போகக்கூடிய ஒரு யுஎஸ்பி கேபிள். இதைப் பற்றி அடுத்த படியில் சொல்கிறேன். அதோடு, அப்கிரேட் செய்த அதே பதிப்பின் லைவ் பென்ட்ரைவ் (நிறுவாமலே லினக்ஸை எழுப்பக்கூடிய பென்ட்ரைவ்) ஒன்று இருந்தால் மிக நல்லது.

2. வேறு எதையும் தொடாமல் போனைக் கேபிளால் இணையுங்கள்

வன்னியில் இருக்கிற நமக்கு இதுதான் பெரிய கை. லப்டொப்பின் வைஃபை ட்ரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) செத்திருந்தாலும், ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளால் குத்தி, செட்டிங்ஸில் ஹொட்ஸ்பொட் பகுதிக்குப் போய் யுஎஸ்பி டெதரிங் என்பதை ஒன் செய்தால், லினக்ஸ் அதை ஒரு கேபிள் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். தனி ட்ரைவர் தேவையில்லை. அரை நிமிடத்தில் கீழ்ப்பட்டையில் கேபிள் அடையாளம் வரும், நெட்டும் வரும். போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே லப்டொப்புக்குக் கடத்தும், சிம் டேட்டா செலவாகாது.

இங்கே பொறி கேபிளில் இருக்கிறது. பவர் பேங்குடன் வரும் மலிவான கேபிள்கள் பலவற்றில் சார்ஜ் போகும் கம்பி மட்டும் இருக்கும். அதில் குத்தினால் போன் சார்ஜ் ஆகும், ஆனால் டெதரிங் பொத்தான் மங்கலாகவே கிடக்கும், அழுத்த முடியாது. போன் பழுது, லினக்ஸ் பழுது என்றெல்லாம் நினைக்க வேண்டாம், போனுடன் பெட்டியில் வந்த கேபிளைப் போட்டுப் பாருங்கள். நான் ஒரு மணி நேரம் மினக்கெட்டது இந்தக் கேபிளில்தான்.

உள் ஊர்களில் சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்றுதான் நிற்கும். என் கடையில் மேசைக்கு மேல் சிக்னல் வராது, ஜன்னலோரம் வரும். நீளமான கேபிள் ஒன்றைப் போட்டு, போனை ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டேன். வேலை முடியும் வரை அது அங்கேயே தொங்கியது, இணைப்பு ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை.

இப்படி நெட் வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். வாடிக்கையாளர் நின்றால் அவருடைய வேலையை முதலில் முடித்துக் கொடுங்கள், பழுது பார்ப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கட்டாயம் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று: நெட் இல்லாத நிலையில் நெட்வொர்க் மனேஜரை அகற்றித் திரும்பப் போடச் சொல்லும் எந்த ஆலோசனையையும் கேட்காதீர்கள். அகற்றுவதற்கு நெட் தேவையில்லை, திரும்பப் போடுவதற்குத் தேவை. அது போய்விட்டால் போனைக் குத்தினாலும் பிடித்து இணைக்க ஆள் இருக்காது.

3. அப்கிரேட் உண்மையில் முடிந்ததா?

நடுவில் கரண்ட் போயிருக்கலாம், டேட்டா முடிந்திருக்கலாம், மூடியை மூடியதால் லப்டொப் உறங்கியிருக்கலாம். திரை எழும்பி வந்துவிட்டதால் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. டெர்மினலில் "சுடோ டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ" என்று அடியுங்கள். டிபிகேஜி என்பது டி, பி, கே, ஜி என்ற நான்கு எழுத்து. அரைகுறையாக நின்ற பொதிகள் இருந்தால் இது அவற்றை முடித்துவைக்கும். பிறகு "சுடோ ஏபிடி -எஃப் இன்ஸ்டோல்". விடுபட்ட துணைப் பொதிகள் இருந்தால் இது இறக்கும், இதற்கு நெட் வேண்டும், போன் கேபிள் இங்கே உதவும்.

முதலாவது ஒன்றும் சொல்லாமல் முடிந்து, இரண்டாவது செய்ய ஒன்றும் இல்லை என்று சொன்னால் அடுத்ததுக்குப் போங்கள்.

4. பழைய கெர்னலில் எழுப்பிப் பாருங்கள்

கெர்னல் என்பது லினக்ஸின் உட்கரு. பழுது கெர்னலிலா செட்டிங்கிலா என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும் சோதனை இது. ரீஸ்டார்ட் செய்து, கம்பெனிச் சின்னம் மறையும் நேரம் எஸ்கேப் பொத்தானை ஒரு தடவை தட்டுங்கள். மிகப் பழைய இயந்திரமானால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எதில் எழும்புவது என்று கேட்கும் கிரப் மெனு வரும். அதில் மேம்பட்ட தெரிவுகள் என்ற பொருளில் இரண்டாவதாக ஒரு வரி இருக்கும், அதற்குள் போனால் கெர்னல் எண்கள் வரிசையாக நிற்கும். மின்ட் 21.3 இல் பெரும்பாலானோருக்கு 5.15, மின்ட் 22 இல் 6.8. பழைய எண்ணைத் தெரிவு செய்து எழுப்புங்கள்.

வைஃபை வந்துவிட்டதா? அப்படியானால் கார்டு நல்லாயிருக்கிறது, புதுக் கெர்னலுக்கு உரிய ட்ரைவர்தான் இல்லை. நேரே 5ஆம் படிக்குப் போங்கள். அவசர வேலை இருந்தால் சில நாள் இந்தப் பழைய கெர்னலிலேயே ஓட்டலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. பழைய கெர்னலிலும் வரவில்லை என்றால் செட்டிங்கில் சந்தேகம் கூடும், 6ஆம் படியை முதலில் பாருங்கள்.

உபுண்டுவில் அப்கிரேட் முடியும் நேரம், தேவையற்றுப்போன பொதிகளை அகற்றவா என்று ஒரு கேள்வி வரும். இடம் மிச்சமாகும் என்று எல்லோரும் ஆம் என்று கொடுத்துவிடுகிறோம். நெட், பிரின்டர், சத்தம் மூன்றும் வேலை செய்வதைப் பார்க்கும் வரை இல்லை என்றே கொடுங்கள், அகற்றுவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

5. கார்டு தெரிகிறதா, ட்ரைவர் அதைப் பிடித்திருக்கிறதா?

பெரும்பாலானோர் மாட்டுப்படும் இடம் இதுதான், அதனால் ஆறுதலாக வாசியுங்கள்.

"எல் எஸ் பி சி ஐ -என்என்கே" என்று அடித்தால் இயந்திரத்துக்குள் இருக்கும் கார்டுகளின் பட்டியல் நீளமாக ஓடும். அதில் நெட்வொர்க் என்ற சொல் உள்ள பந்தியைத் தேடுங்கள். முதல் வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் நான்கு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, இன்னும் நான்கு எழுத்து என்று ஒரு எண் இருக்கும். அதைக் கொப்பியில் எழுதுங்கள். யாரிடம் உதவி கேட்டாலும் லப்டொப்பின் மாடலை விட இந்த எண்ணைத்தான் கேட்பார்கள், ஒரே மாடலில் இரண்டு மூன்று விதமான கார்டு போட்டு விற்கிறார்கள். யுஎஸ்பியில் குத்தும் வைஃபை என்றால் இதே எண்ணை "எல் எஸ் யு எஸ் பி" காட்டும்.

அதே பந்தியின் கீழே, பாவனையில் உள்ள கெர்னல் ட்ரைவர் எது என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் கார்டை யாரும் பிடிக்கவில்லை. என் லப்டொப்பில் நடந்தது இது: புரோட்கொம் பிசிஎம்43142 கார்டு இருப்பதாகக் காட்டியது, ட்ரைவர் வரி மட்டும் இல்லை.

காரணம் எளிது. இந்த வகைப் புரோட்கொம் கார்டுகளின் ட்ரைவர் கெர்னலுக்குள் கிடையாது. வெளியிலிருந்து வரும் அது ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் உங்கள் இயந்திரத்திலேயே புதிதாகக் கட்டப்பட வேண்டும். கட்டுகிற வேலையைச் செய்வது டிகேஎம்எஸ். அதற்குக் கெர்னலின் ஹெடர் பொதி (கட்டுவதற்குத் தேவையான பைல்கள் உள்ள பொதி) வேண்டும். அப்கிரேட்டில் கெர்னல் வந்து ஹெடர் வராமல் விட்டால் கட்டுவது நின்றுபோகும், ஆனால் அப்கிரேட் சாளரம் அதைப் பெரிதாகச் சொல்லாது, நூறு வரிகளுக்குள் ஒரு வரியாக ஓடிப்போய்விடும்.

"டி கே எம் எஸ் ஸ்டேட்டஸ்" என்று அடித்துப் பாருங்கள். ட்ரைவர் பெயருக்குப் பக்கத்தில் இப்போது ஓடும் கெர்னலின் எண் இருந்து, நிறுவப்பட்டது என்று சொன்னால் சரி. இப்போது ஓடும் எண்ணை "யுநேம் -ஆர்" சொல்லும். எனக்குப் பழைய 5.15 மட்டும் இருந்தது, 6.8 இல்லை. செய்தது இவ்வளவுதான்: போனைக் குத்தி, "லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனெரிக்" என்ற பொதியை ஏபிடி மூலம் நிறுவினேன். பொதி இறங்கிய கையோடு டிகேஎம்எஸ் தானாகவே ட்ரைவரைக் கட்டத் தொடங்கியது, பழைய லப்டொப் என்பதால் விசிறி இரைந்து இரண்டு மூன்று நிமிடம் எடுத்தது. ரீஸ்டார்ட் செய்ததும் அடையாளம் வந்துவிட்டது. டேட்டா 200 எம்பி வைத்துக்கொண்டால் தாராளம்.

ஹெடர் இருந்தும் ட்ரைவர் கட்டப்படவில்லை என்றால், அந்த ட்ரைவர் உங்கள் கெர்னலை விடப் பழையதாக இருக்கலாம். மிகப் புதிய கெர்னலைத் தெரிந்தே போட்டவர்களுக்கு இது நடக்கும். ஒரு படி பழைய கெர்னலுக்கு இறங்குவதே நல்ல வழி, ட்ரைவரின் நிரலைத் திருத்தப் போக வேண்டாம்.

போன் கேபிள் வழியே நெட் கிடைக்கவில்லையா? மின்ட் 21.1 இலிருந்து ட்ரைவர் மனேஜர் நெட் இல்லாமலும் வேலை செய்யும், மின்டின் லைவ் பென்ட்ரைவைக் குத்தினால் அதிலிருந்தே புரோட்கொம் ட்ரைவரை எடுத்துக்கொள்ளும். வேறு இயந்திரத்தில் பொதியை இறக்கிப் பென்ட்ரைவில் கொண்டுவருவதும் முடியும், ஆனால் பதிப்பு எண்ணும் 64 பிட் என்பதும் துல்லியமாகப் பொருந்த வேண்டும், அது கேட்கும் துணைப் பொதிகளையும் சேர்த்து இறக்க வேண்டும். இந்த வழியில் போய் இரண்டு தடவை பஸ் ஏறியவர்களைத் தெரியும்.

செக்கியூர் பூட் (நம்பகமான சாவியால் கையொப்பமிடாத ட்ரைவர்களைத் தடுக்கும் பாதுகாப்பு) உள்ள லப்டொப்களில் இன்னொரு பொறி. அப்கிரேட் நடக்கும்போது இடையில் ஒரு பாஸ்வேர்ட் கேட்டு, இரண்டாம் முறையும் அதையே கேட்கும். அது லொகின் பாஸ்வேர்ட் இல்லை, அந்த நேரத்துக்கு நீங்கள் வைக்கும் ஒன்று. அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வந்து பத்து விநாடி எண்ணும். அதற்குள் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தி, சாவியைச் சேர் என்ற பொருளில் எம்ஓகே என்று முடியும் வரியைத் தெரிவு செய்து, முன்பு வைத்த பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலானோர் அந்த நேரம் தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போயிருப்பார்கள். பத்து விநாடி கழிந்தால் அது தன்பாட்டில் லினக்ஸுக்குள் போய்விடும், டிகேஎம்எஸ் ட்ரைவர் கட்டப்பட்டிருந்தும் கெர்னல் அதை ஏற்காது. "சுடோ மோட்ப்ரோப்" என்று அடித்து ட்ரைவர் பெயரையும் கொடுத்தால் சாவி நிராகரிக்கப்பட்டது என்று பதில் வந்தால் காரணம் இதுவே. பயாஸில் செக்கியூர் பூட்டை நிறுத்தலாம், அல்லது ட்ரைவர் பொதியை மீண்டும் நிறுவி நீலத் திரைக்கு முன்னால் கவனமாக இருக்கலாம். விண்டோஸும் சேர்ந்து இருக்கும் இயந்திரமானால் நான் இரண்டாவதையே சொல்வேன்.

ரியல்டெக் கார்டுக்காரருக்கு: வெளியிலிருந்து தனி மென்பொருள் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்து ட்ரைவர் போட்டிருந்தால், உபுண்டு அப்கிரேட்டின்போது வெளிக் களஞ்சியங்களை அணைத்துவிடும். முதலில் அதில்லாமலே பாருங்கள், பல ரியல்டெக் கார்டுகளின் ட்ரைவர் இப்போது கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது, பழைய வெளி ட்ரைவர் இடையில் நின்று அதைத் தடுப்பதும் உண்டு.

டெபியன்காரருக்கு: 2023இல் வந்த டெபியன் 12 இலிருந்து ஃபர்ம்வெயர் (கார்டுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) பொதிகள் நொன்-ஃப்ரீ-ஃபர்ம்வெயர் என்ற தனிப் பகுதிக்கு மாறிவிட்டன. 11 இலிருந்து வந்தவர்கள், பொதிகள் எங்கிருந்து இறங்கும் என்று சொல்லும் சோர்சஸ் பட்டியலில் அந்தப் பெயரைச் சேர்க்காவிட்டால் ஃபர்ம்வெயர் புதுப்பிக்கப்படாது. "சுடோ டி எம் இ எஸ் ஜி" தரும் வரிகளில் ஃபர்ம்வெயரை ஏற்ற முடியவில்லை என்று இருக்கிறதா பாருங்கள். உபுண்டுவிலும் மின்டிலும் இதற்கான பொதி லினக்ஸ்-ஃபர்ம்வெயர், அது பல நூறு எம்பி, போன் டேட்டாவைப் பார்த்து இறக்குங்கள்.

6. பூட்டியிருக்கிறதா, கைவிட்டிருக்கிறதா?

ட்ரைவர் பிடித்திருந்தும் வைஃபை ஒன் ஆகவில்லை என்றால் "ஆர் எஃப் கில் லிஸ்ட்" என்று அடியுங்கள். மென்பூட்டு (சொஃப்ட்), வன்பூட்டு (ஹார்ட்) என்று இரண்டு வரி வரும். மென்பூட்டு ஆம் என்றிருந்தால் "ஆர் எஃப் கில் அன்பிளொக் ஓல்" திறந்துவிடும். வன்பூட்டு ஆம் என்றிருந்தால் கட்டளையால் ஒன்றும் ஏலாது, லப்டொப்பின் பக்கவாட்டில் இருக்கும் சுவிட்சையோ விமானப் படம் போட்ட பொத்தானையோ அழுத்துங்கள்.

அடுத்து "என் எம் சி எல் ஐ டிவைஸ்". கார்டின் பெயருக்கு நேரே நிர்வகிக்கப்படவில்லை என்ற பொருளில் அன்மனேஜ்ட் என்று வந்தால், நெட்வொர்க் மனேஜர் அதைக் கைவிட்டிருக்கிறது. கேபிள் போர்ட்டுக்கு இது அடிக்கடி நடக்கும். இடிசி போல்டருக்குள் நெட்வொர்க்மனேஜர் போல்டர், அதற்குள் கொன்ஃப்.டி என்ற போல்டர். அங்கே 10-குளோபலி-மனேஜ்ட்-டிவைசஸ்.கொன்ஃப் என்ற பெயரில் வெறும் பைல் ஒன்றை உருவாக்கி ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் திரும்பி வரும். அந்தப் பெயர் ஒரு எழுத்தும் மாறக் கூடாது, யுஎஸ்ஆர் போல்டரின் லிப் பக்கம் இதே பெயரில் ஏற்கெனவே ஒரு பைல் இருக்கும், அதன் பெயரை மட்டும் பார்த்துக் கொப்பி பண்ணுங்கள், உள்ளே இருப்பதை அல்ல.

விண்டோஸும் இருக்கும் லப்டொப்பில், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் கார்டை அரை உறக்கத்தில் விட்டுவிடும். அதை அணைத்து, விண்டோஸை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள்.

7. பெயர் மாறிப்போன கேபிள் போர்ட்

ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து, நிலையான ஐபி கொடுத்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும். பாடசாலைக் கணினி அறை, சங்கக் கந்தோர் போன்ற இடங்களில் இப்படி இருக்கும். புதுக் கெர்னலோடு போர்ட்டின் பெயர் மாறலாம், உதாரணமாக நடுவில் 2 இருந்த இடத்தில் 3 வரலாம். இணைப்பு விபரம் எழுதிவைக்கும் நெட்பிளான் பைலில் பழைய பெயரே எழுதியிருந்தால் அந்த ஐபி யாருக்கும் போய்ச் சேராது. "ஐபி லிங்க்" காட்டும் புதுப் பெயரைப் பைலில் எழுதி, "சுடோ நெட்பிளான் ட்ரை" என்று அடியுங்கள், சரியென்றால் என்டர் பொத்தானை அழுத்தி உறுதிசெய்யுங்கள், அழுத்தாவிட்டால் இரண்டு நிமிடத்தில் தானாகவே பழையதுக்குத் திரும்பும். அந்தப் பைலில் வரியின் முன்னால் உள்ள இடைவெளிகள் முக்கியம், டேப் பொத்தானைத் தொடாதீர்கள்.

8. இணைந்திருக்கிறது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை

வைஃபை அடையாளம் முழுதாக நிற்கும், பிரவுசர் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். "பிங் 8.8.8.8" அடியுங்கள். பதில் வரிசையாக வந்தால் நெட் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் உடைந்திருக்கிறது. பதில் வரவில்லை என்றால் ரவுட்டரையும் சிம்மின் மீதியையும் முதலில் பாருங்கள். பேக்கேஜ் முடிந்திருப்பது தெரியாமல் லினக்ஸைக் கிளறுவது நடக்கிற விசயம்தான்.

டிஎன்எஸ் என்றால், இடிசிக்குள் இருக்கும் ரிசோல்வ்.கொன்ஃப் பைலைப் பாருங்கள். உபுண்டுவிலும் மின்டிலும் அது தனிப் பைல் அல்ல, சிஸ்டம்டி-ரிசோல்வ்ட் எழுதும் ஒரு பைலுக்கான இணைப்பு, உள்ளே 127.0.0.53 என்ற எண் இருக்கும். எப்போதாவது நீங்கள் அதை அழித்து, கையால் எழுதி வைத்திருந்தால் அப்கிரேட்டுக்குப் பிறகு இரண்டும் முட்டிக்கொள்ளும். உடனடித் தேவைக்கு, வைஃபை செட்டிங்கில் அந்த இணைப்பைத் திறந்து ஐபிவி4 பகுதியில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.1 என்று எழுதி, துண்டித்துத் திரும்ப இணையுங்கள். முன்பு விபிஎன் ஏதும் போட்டிருந்தால் அதன் மிச்சம் இணைப்புப் பட்டியலில் கிடந்து வழியை மறிக்கும், அதையும் அகற்றுங்கள்.

சில தளங்கள் மட்டும் சான்றிதழ் பிழை சொல்கின்றனவா? திரையின் மூலையில் திகதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டொப்களில் மதர்போர்ட்டின் சிஆர்2032 பட்டரி செத்திருந்தால், பிளக்கைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் திகதி பின்னுக்குப் போய்விடும்.

வைஃபை நின்று நின்று வருகிறது என்றால் மின்சேமிப்பை நிறுத்துங்கள். 6ஆம் படியில் சொன்ன அதே கொன்ஃப்.டி போல்டரில் டிஃபோல்ட்-வைஃபை-பவர்சேவ்-ஒன்.கொன்ஃப் என்ற பைலில் 3 என்று இருப்பதை 2 ஆக்கினால் போதும்.

9. இன்னும் வரவில்லையா? செலவைப் பார்த்து முடிவெடுங்கள்

மேலே சொன்ன அத்தனைக்கும் ஒன்றரை மணி நேரம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பிறகு லைவ் பென்ட்ரைவில் எழுப்புங்கள். அதில் வைஃபை வந்தால் கார்டு நல்லாயிருக்கிறது, உங்கள் நிறுவலில்தான் எதுவோ மாறியிருக்கிறது. டைம்ஷிஃப்ட் பிரதி இருந்தால் திரும்பிவிடலாம், எனக்கு அது நாற்பது நிமிடம் எடுத்தது. டைம்ஷிஃப்ட் சாதாரணமாக உங்கள் சொந்த போல்டர்களைத் தொடாது, என்றாலும் வாடிக்கையாளர் ஆவணங்களைப் பென்ட்ரைவில் எடுத்துவிட்டே தொடங்குங்கள். திரும்பிய பிறகு அவசரப்பட வேண்டாம், மின்ட் 21க்கும் உபுண்டு 22.04க்கும் 2027 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்.

லைவிலும் வரவில்லை என்றால் ஒரு யுஎஸ்பி வைஃபை வாங்குவதுதான் மலிவு. என் நண்பர் ஒருவருக்கு வாங்கிக் கொடுத்தது 1,900 ரூபா. எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட ஒரு கடையில் அவரிடம் 3,000 கேட்டிருந்தார்கள், அதுவும் இரண்டு நாள் லப்டொப்பை விட்டுவிட்டு வர வேண்டும். வாங்கும்போது வெளியில் எழுதியிருக்கும் வேகத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள். மீடியாடெக் எம்டி7601யு, அதெரோஸ் ஏஆர்9271 இரண்டின் ட்ரைவரும் பல வருடமாகக் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன, குத்தியதும் வேலை செய்யும். ட்ரைவர் சிடி தேவையில்லை என்று பெட்டியில் போட்டு விற்கும் சில வகைகள் குத்தியதும் வைஃபையாக வராமல் ஒரு சிடி ட்ரைவ் போலத் தோன்றும், விண்டோஸுக்கான மென்பொருள் அதற்குள் இருக்கும். அப்படித் தோன்றினால் பைல் மனேஜரில் அந்தச் சிடியை இஜெக்ட் செய்து பாருங்கள், பலவற்றில் அதன் பிறகு வைஃபை எழும்பும். கடைக்காரரிடம் பேசி, வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவதாக பில்லில் எழுதி வாங்குங்கள். முடிந்தால் லப்டொப்பையும் கொண்டுபோய் அங்கேயே குத்திப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

10. சிம் போட்ட டொங்கிள் பாவிப்பவர்களுக்கு

யுஎஸ்பி 4ஜி டொங்கிளும் அப்கிரேட்டுக்குப் பிறகு இதே சிடி ட்ரைவ் வேடத்தில் நிற்கலாம். யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச், மொடெம்மனேஜர் என்ற இரண்டு பொதிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தும் இணையவில்லை என்றால் இணைப்பை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள், அதில் கேட்கும் ஏபிஎன் பெயரை, அதே சிம்மைப் போனில் போட்டு மொபைல் நெட்வொர்க் செட்டிங்கில் பார்த்து எழுதலாம். டொங்கிளைக் கணினியின் முன்பக்கப் போர்ட்டில் குத்தாமல் பின்பக்கத்தில் குத்துங்கள், முன்பக்கத்துக்கு வரும் மின்சாரம் பல பழைய டெஸ்க்டொப்களில் போதாமல் டொங்கிள் விழுந்து விழுந்து எழும்பும்.

எல்லாம் சரிவந்த அன்றே, கடையை மூடும் முன், டைம்ஷிஃப்டில் புதிதாக ஒரு பிரதி எடுத்து, கொப்பியில் எழுதிய கார்டு எண்ணையும் கெர்னல் எண்ணையும் ஒரு துண்டில் எழுதி லப்டொப்பின் அடியில் ஒட்டிவிடுங்கள். என்னுடையதில் ஒட்டியிருக்கிறது.